ஒத்திகையில் வராத தண்ணீர்

தினேஷ்,

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். விஷயம் அதோடு முடிந்துபோகும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. பிடிக்காத வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதலாம் என்ற வசதியும் இருக்கிறது. அந்த வசதியை நான் எவ்வளவு பயன்படுத்துவேன் என்பது உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் ஷாமினி வீட்டில் உனக்குப் பரிசம் போட்டோம். தட்டு மாற்றி முடிந்து, எல்லோருக்கும் கேசரி வந்துகொண்டிருந்தது. ஷாமினியின் பெரியப்பா தன் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, கிள்ளான்ல வீடுன்னு சொன்னாங்க. ஆத்துப் பக்கமா? அந்த ஏரியா தண்ணி ஏறுமே லா.”

“ஏறும் அங்கிள். ஆனா பயமில்ல. அப்பா அலாரம் செஞ்சு மாட்டியிருக்காரு. தண்ணி வாசலுக்கு வரதுக்கு முன்னாடியே ரோடே எந்திரிக்கிற மாரி கத்தும்.”

“கடையில வாங்குனதா?”

“கடையிலயா? போர்டே அப்பா வீட்ல செஞ்சது. கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டுத்தான் கைல எடுப்பாரு.”

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப சரி. படிச்சவங்க கை வச்சது,” என்றார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷாமினியின் அம்மா அதுவரை வாயருகே வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, நிம்மதியாக உள்ளே போனார். நான் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன், திருத்தினேன், மறுபடி அமைத்தேன். அதற்குள் பேச்சு மண்டபத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் போய்விட்டது. கேசரியைச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் உன் அம்மா, “என்னங்க, உங்க மிஷின அத்தன பேரு முன்னால புகழ்றான், உங்க மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது?” என்று கேட்டாள். வெயில் என்றேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணம் முடிந்து நீயும் ஷாமினியும் அந்த வீட்டில் குடியேறும்போது, சுவரில் நான் மாட்டியிருக்கும் பெட்டியை நம்பித் தூங்காதீர்கள். தண்ணீர் வந்தால் அது கத்தும் என்பது எனக்கு நிச்சயம் இல்லை. ஒருமுறை அது கத்தவில்லை. அந்த ஒருமுறைக்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு கூடத்தில் உன்னால் எப்படிப் பெருமையாகப் பேச முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அன்பினால் என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அன்பினால் தண்ணீர் இறங்கிப்போகாது.

நான் எப்படிப்பட்டவன் என்பதில் உனக்குச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வு பெறும் நாள்வரை, வகுப்புக்குள் நுழையும் முன் வாசலில் நின்று முதல் வாக்கியத்தை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு நுழைந்தவன். “உங்கப்பா டீ கலக்குறதுக்கு முன்னால கூட கம்ப்யூட்டர்ல கலக்கிப் பாப்பாரு” என்று உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பொய்யில்லை. ஒரு மின்சுற்றைக் கையால் செய்யும் முன் அதைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்ப்பதை ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கேட்டால் நான் அதை ஒத்திகை என்று சொல்லிக்கொடுப்பேன். திரையில் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் வைத்து, கோடு போட்டு இணைத்து, ஓடு என்று பொத்தானை அமுக்கினால், கோடுகளில் மின்சாரம் ஓடுவதைப் போல அலைகள் நகரும். தவறாக இணைத்தாலும் எதுவும் கருகாது. புகை வராது. பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தவறு செய்ய அஞ்சுகிறவனுக்கு, தவறு செய்தாலும் யாருக்கும் தெரியாத ஓர் இடத்தை யாரோ கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் சாலைச் சந்திப்பு விளக்கு ஒன்று செய்யலாம் என்றேன். சிவப்பு, மஞ்சள், பச்சை மாறி மாறி எரிய வேண்டும். நீ தினமும் பள்ளிவிட்டு வந்ததும், “அப்பா, எப்ப செய்யப் போறோம்?” என்று கேட்பாய். நான் திரையைக் காட்டி, இன்னும் ஒருதடவை பார்த்துவிடுவோம் என்பேன். மஞ்சள் அணைவதற்கும் சிவப்பு எரிவதற்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தது. அதைச் சரிசெய்யாமல் ஈயம் உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்காட்சி நாள் வந்துவிட்டது. கணினியிலிருந்து அச்செடுத்த தாள்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு போனாய். மற்றப் பிள்ளைகளின் மேசையில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, பாதிக்கு மேல் மத்தியானத்துக்குள் நின்றும் போனது. நீ வீட்டுக்கு வந்து, “என்னோடது மட்டும்தான்ப்பா ரிப்பேர் ஆவல” என்றாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைப்போல என்னைச் சரியாக எடைபோட்ட வாக்கியத்தை அதன் பிறகு யாரும் சொன்னதில்லை.

கிள்ளானில் நீ வீடு வாங்கியது மழையில்லாத மாதத்தில். துறைமுகத்தில் ஷிப்டு வேலை, பக்கத்திலேயே வீடு, விலையும் கைக்கு எட்டியது. ஏன் எட்டியது என்பது முதல் மழைக்காலத்தில் தெரிந்தது. தண்ணீர் கார் நிறுத்தும் இடம்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று யோசித்ததுபோல் இருந்துவிட்டுத் திரும்பிப்போனது. மறுநாள் நீ போன் செய்தாய். “அப்பா, ஒரு அலாரம் செஞ்சு குடுங்கப்பா. லோங்காங் ரொம்புனா கத்தணும், அவ்ளோதான்.” வாசலை ஒட்டி ஓடும் அந்தச் சாக்கடைதான் உன் வீட்டுக்கு வரும் தண்ணீரின் வழி. பெரியவனான பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

முறையாகத்தான் தொடங்கினேன். உன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டுக்கு ரயிலில் வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைச் சுளித்தாள். “அங்கிள், கைல என்னா அது?” “சாம்பிள்மா,” என்றேன். “ஹாஸ்பிடலுக்கா? அய்யோ பாவம்,” என்று எழுந்து எனக்கு இன்னும் இடம் விட்டாள். மறுக்கத் தைரியம் இல்லாமல் நோயாளியாகவே வந்து இறங்கினேன். வீட்டில் அந்தத் தண்ணீருக்குள் இரண்டு எஃகுக் கம்பிகளை நிறுத்தி, அது மின்சாரத்துக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்று அளந்தேன். அந்த எண்ணைக் கணினியில் கொடுத்தேன். உன் வாசலில் ஓடும் தண்ணீர் என் திரையில் மின்தடையைக் குறிக்கும் ஒரு சின்ன நெளிகோடாக ஆனது. தண்ணீர் கம்பிகளைத் தொட்டால் மின்சாரம் கடக்கும், கடந்தால் சங்கு ஒலிக்கும். அவ்வளவு எளிய சுற்று. அதை நான் எளிதாக விடவில்லை. தடை இரண்டு மடங்கானால், பத்து மடங்கானால், பேட்டரி பலவீனமானால், பெட்டிக்குள் வெப்பம் ஏறினால், பக்கத்தில் இடி விழுந்தால் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சங்கு ஒலித்தது.

பிறகு பலகை. சுற்றின் பாதைகளை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அச்சு செம்பில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பழுப்பு நிற அமிலக் கரைசலில் போட்டு ஆட்டினால், அச்சில்லாத செம்பு கரைந்துபோய்ப் பாதைகள் மட்டும் நிற்கும். உன் அம்மாவுக்கு இரண்டு புகார்கள். “பட்டுச் சேல தேய்க்கிற அயர்ன்ல செம்பு தேய்க்கிறாரு. லட்டு வச்ச டப்பாவுல விஷம் ஊத்தி ஆட்டுறாரு. கேட்டா, புள்ளைக்குன்னு சொல்றாரு.” பிள்ளைக்குத்தான். துளை போடும்போது துரப்பணம் வழுக்கியது. ஒரு பலகை வீணானது, இரண்டாவது நின்றது. அதை உன் வீட்டில் மாட்டி, கம்பிகளைச் சாக்கடை விளிம்பில் இறக்கி, நீ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியபோது பக்கத்து வீட்டு ராஜு, அதுதான் உன் லோரி ஓட்டும் ராஜு அண்ணன், கைலியோடு வெளியே ஓடி வந்தார். “அங்கிள்! தீயணைக்கிற பொம்பா வண்டியே வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு நெனச்சேன்!” என்றார். நீ என் தோளில் கை போட்டாய். வாழ்க்கையில் என் ஒத்திகை ஒன்று முதன்முறையாக மேடைக்கு வந்து கைத்தட்டலும் வாங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் நடந்ததை நீ ஒரு கதைபோலச் சொல்கிறாய். நான் ஒருமுறை அதைச் சொல்கிறேன், கேள். இரவு ஷிப்டு முடிந்து வந்து, கீழறையில் தரையில் மெத்தை போட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தாய். தலைமாட்டில் மேசை விசிறி; அதற்கு மின்சாரம் போகும் நீட்டிப்புக் கம்பி தரையில் கிடந்தது. வெளியே மழைகூடப் பெரிதாக இல்லை. மழை இங்கே, கோலாலம்பூரில் பெய்துகொண்டிருந்தது. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் போகும் ஆறுதான் உன் ஊருக்கும் வருகிறது. இங்கே பெய்கிற மழை உன்னைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கடல் ஏறியிருந்தது. போக இடமில்லாத தண்ணீர் சாக்கடை வழியாகத் திரும்பி, விளிம்பைத் தாண்டி, என் கம்பிகளை மூழ்கடித்து, வாசற்படி ஏறி உன் மெத்தைக்கு வந்தது. பெட்டி சும்மா இருந்தது. ராஜுதான் கேட்டை உலுக்கிக் கத்தினார். “தம்பி! டேய் தினேஷு! எந்திரிடா, தண்ணி உள்ள வந்துருச்சு லா!” நீ எழுந்து காலை ஊன்றியது தண்ணீரில். நீட்டிப்புக் கம்பி அதே தண்ணீரில் கிடந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே, மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உன் வீட்டு மின்பெட்டியில் விழுந்திருந்தது. அதைச் செய்தது நான் அல்ல. எந்தத் தொழிற்சாலையிலோ யாரோ செய்தது. அது வேலை செய்ததால்தான் உனக்கு இப்போது கல்யாணம்.

தண்ணீர் வடிந்ததும் வந்து கம்பிகளை எடுத்துப் பார்த்தேன். மேலே எங்கோ இருக்கும் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வரும் எண்ணெயும் பாசியும் சேர்ந்து, எஃகின்மேல் மெழுகுபோலப் படிந்திருந்தது. தண்ணீர் கம்பியைத் தொடவே இல்லை; மெழுகைத்தான் தொட்டது. தடை பத்து மடங்கு ஆனாலும் ஒலிக்கும்படி செய்திருந்தேன் அல்லவா? இது எத்தனை மடங்கு என்று என் மீட்டரால் அளக்க முடியவில்லை. நான் வாழ்நாள் முழுவதும் பயந்தவன், தினேஷ். பயப்படுவதில் எனக்குப் பயிற்சி உண்டு, முறை உண்டு. அதனால் பயப்பட வேண்டியது எதுவும் என் கணக்கில் விட்டுப்போகாது என்று ஓர் இறுமாப்பு எனக்குள் இருந்தது. இடிக்குப் பயந்தேன், வெப்பத்துக்குப் பயந்தேன். வடைச் சட்டியின் எண்ணெய்க்குப் பயப்பட எனக்குத் தோன்றவில்லை. ஒத்திகை நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். நான் பயந்ததை மட்டும்தான் அதனிடம் கேட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு காரியம் செய்தேன். அம்மாவிடம் சொன்னதில்லை. கணினியைத் திறந்து உன் கீழறையை வரைந்தேன். விசிறிக் கம்பி, தண்ணீர், தரை. பாடப்புத்தகங்களில் மனித உடலையும் ஒரு மின்தடையாகத்தான் காட்டுவார்கள். ஈரமான உடலுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து உன்னையும் ஒரு நெளிகோடாக அங்கே வைத்தேன். துண்டிக்கும் சுவிட்சை வைத்து ஓட்டினேன். மின்சாரத்தைக் காட்டும் அலை படுத்துவிட்டது, நீ பிழைத்தாய். பிறகு சுவிட்சை எடுத்துவிட்டு, ஓடு என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தேன். அமுக்கவில்லை. கணினியை மூடிவிட்டேன். ஆசையாகச் செய்துவந்த வேலை அன்றோடு எனக்கு விட்டுப்போனது.

ஆனாலும் பெட்டியைத் திருத்தினேன். நீ கேட்டாய், நான் மறுக்கவில்லை. கம்பிகளுக்குப் பதில், தண்ணீர் ஏறினால் மேலே வரும் ஒரு மிதவை வைத்தேன்; பலகையை மாற்றி வரைந்து, மறுபடி இஸ்திரி போட்டு, மறுபடி கரைத்து, மறுபடி ஈயம் வைத்தேன். அம்மா டப்பாவைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, அவளும் பயந்திருந்தாள். வாளியை ஊற்றினோம், சங்கு ஒலித்தது. ஒரு நெகிழிப் பை வந்து மிதவையின்மேல் போர்த்திக்கொண்டால் அது மேலே வராது. ஒரு பல்லி பெட்டிக்குள் முட்டையிட்டால் பலகை கெட்டுப்போகலாம். இவை எனக்குத் தோன்றியவை. தோன்றியதற்கெல்லாம் வலையும் மூடியும் போட்டுவிட்டேன். தோன்றாதவை அங்கே சாக்கடைக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிடக் கனமானது ஒன்று இருக்கிறது. மிதவை மாட்டிய அன்று நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் ராஜு வேலியில் சாய்ந்துகொண்டு என்னிடம் பேசினார். “அங்கிள், முன்னலாம் மழ வந்தா தம்பி நாலு தடவ வெளிய வந்து லோங்காங்க பாப்பான். காடிய மேட்டுல போயி நிறுத்துவான். வாஷிங் மெஷின செங்கல்லு மேல ஏத்துவான். பெட்டி வந்ததுலேர்ந்து சோம்பேறி ஆயிட்டான் லா. நல்லாத் தூங்குறான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஏணியில் நின்றிருந்தேன். இறங்கி ஏணியை மடக்கினேன். பெட்டி இல்லாதபோது உன்னிடம் பயம் இருந்தது. அந்தப் பயம் உன்னை நாலு தடவை எழுப்பியது. நான் அதைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு பலகையை மாட்டியிருக்கிறேன். பலகை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நீ தூங்குவாய்.

வீட்டை விற்றுவிடு என்று எழுத இந்தத் தாளில் மூன்று இடத்தில் தொடங்கி அடித்திருக்கிறேன். வாங்குகிறவன் மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் போதும், திரும்பி வரமாட்டான். மழையில்லாத மாதத்தில் இன்னொரு தினேஷுக்கு விற்கலாம். அதை நீ செய்யமாட்டாய், செய்யச் சொல்ல எனக்கும் வாய் வராது. வாடகைக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டு இந்தக் கடனையும் கட்ட உன் சம்பளம் காணாது. எங்களோடு பிரிக்பீல்ட்ஸில் வந்து இரு என்றால், அம்மாவும் நானும் இருக்கும் இந்த இடத்தில் புதுப் பெண்ணை எங்கே உட்காரவைப்பது? சுபாங் ஜெயாவில் உன் சித்தப்பா மேட்டில் இருக்கிறார் என்பதால் எல்லோரும் மேட்டுக்குப் போய்விட முடியாது. அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும், ராஜுவையும் சேர்த்து, போக இடமிருந்தால் போயிருப்பார்கள். ஆறு அங்கேதான் இருக்கும். மேலே இன்னும் கட்டடங்கள் எழும்பும், இன்னும் தண்ணீர் வரும். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் வேறு விடை வரவில்லை.

அதனால், என் கையில் இருந்த ஒன்றையாவது செய்யலாம் என்று முந்தாநாள் கிள்ளானுக்குப் போனேன். நீ வேலையில் இருந்தாய். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வெற்றுச் சுவரைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும்; கோபத்துக்குப் பின்னால் பயமும் வரும்; பயம் வந்தால் எழுந்து பார்ப்பாய். சட்டைப் பையில் திருப்புளியோடு உள்ளே போனால், ஷாமினியும் அவள் தோழி ஒருத்தியும் முன்னறைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாமினி தலையில் பழைய துண்டைக் கட்டியிருந்தாள். பரிசத்துக்கு முந்தின நாள்வரை அங்கிள் என்று கூப்பிட்டவள், “வாங்க மாமா!” என்றாள். அந்தப் புது வார்த்தையை இன்னும் பழகாதவளாகச் சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டாள்.

சுவர் முழுவதும் வெளிர்மஞ்சள் அடித்தாகிவிட்டது. பெட்டியைச் சுற்றி மட்டும் தாள்பட்டை ஒட்டி, ஒரு சொட்டுகூடப் படாமல் சின்னத் தூரிகையால் அடித்திருந்தாள்.

“அதக் கழட்டிட்டு அடிச்சா ஈசியா இருக்கும்மா. நான் கழட்டித் தரவா?” என்று கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு வந்தது.

“வேணாம் மாமா, வேணாம்! அது அங்கயே இருக்கட்டும்.” தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்குத் தண்ணின்னா சின்ன வயசுலேர்ந்து பயம். கிள்ளான்ல குடியிருக்கப் போறோம்னு சொன்னதும் அம்மா வேணவே வேணாம்னாங்க. இவரு அன்னிக்கு அலாரத்தப் பத்திச் சொன்னப்புறம்தான் சரின்னாங்க. எனக்கும் இப்பதான் தூக்கம் வருது.”

தோழி, “பாத்தியா, மாமனார் சீதனம் குடுத்துட்டாரு, நீ என்ன குடுக்கப் போற?” என்று சீண்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

ஷாமினி பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். சங்கு அலறியது. சாயம் அப்பிய கைகளால் காதைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் முகம் மலர்ந்து நின்றாள். அது நின்றதும் என்னிடம் கேட்டாள்: “வரும்போதெல்லாம் ஒரு தடவ அமுக்கிப் பாத்துருவேன் மாமா. கத்துனா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்? இப்படி தெனமும் பாத்துக்கிட்டாப் போதும்ல?”

அந்தப் பொத்தான் சங்கை மட்டும்தான் சோதிக்கும். வெளியே சாக்கடையில் மிதவை ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதிலிருந்து வரும் மின்கம்பி அறுந்திருந்தாலும், அமுக்கினால் அது கத்தும். இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். வகுப்பில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். வாக்கியம் வாய்வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

“போதும்மா,” என்றேன்.

இரண்டு திருகாணிகள் தளர்ந்திருந்தன. எடுத்துப்போன திருப்புளியால் அவற்றை இறுக்கிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

போதாது, தினேஷ். அவளிடம் நீ சொல். அமுக்குவதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை வெளியே போய்க் குனிந்து, கையை விட்டு மிதவையைத் தூக்கிப் பார்க்கச் சொல். அப்படியும் தோன்றாத ஒன்று மிச்சம் இருக்கும் என்பதையும் சொல். சொன்னால் அவளுக்குத் தூக்கம் போய்விடும், அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று நீ யோசிப்பாய். கல்யாணம் ஆகட்டும் என்பாய். பிறகு மழை வரட்டும் என்பாய். நான் அவள் முன்னால் நின்று யோசித்ததும் இதேதான்.

மழை பெய்யும்போது, அங்கே பெய்தாலும் இங்கே பெய்தாலும், உங்களில் ஒருவராவது விழித்திருங்கள். யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா